சிறு கத்திக்கு ஒரு கயிற்றுப் பிடி

"வீட்டை விட்டுப் புறப்பட்டபோது கையில் எதை எடுத்தீர்கள்?" என்று இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களிடம் நாம் கேட்பதுண்டு. அடையாள அட்டை, காணி உறுதி, பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சி, ஒரு பானை, கொஞ்சம் அரிசி என்று சொல்லிக்கொண்டு போவார்கள். கடைசியில், இதையும் சொல்ல வேண்டுமா என்று யோசிப்பவர்கள் போல, "ஒரு சின்னக் கத்தியும்" என்பார்கள். 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வந்தவர்களிடம் இதைக் கேட்டிருக்கிறோம். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு, மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு வந்தவர்களிடமும் கேட்டிருக்கிறோம். 2009 இல் வன்னியிலிருந்து அதுவும் இல்லாமல் வந்தவர்கள் பலர்.

மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. கலப்பையைப் பற்றிப் பேச்சே இல்லை. மடிக்குள் அடங்கும் ஆயுதம் சின்னக் கத்தி ஒன்றுதான். போன இடத்தில் தடி சீவவும், ஓலை வாரவும், மரவள்ளித் தடி நறுக்கவும், பிறர் தோட்டத்தில் கூலிக்கு வெங்காயத் தாள் அரியவும் அதுவே உதவியது. அலகைத் தீட்டித் தீட்டிப் பாதியாகத் தேய்ந்த கத்திகளை இன்றும் சில வீடுகளில் காண்கிறோம்.

அலகு தேய்வதற்கு முன்னரே பிடி போய்விடுகிறது. மரப்பிடி மழையில் ஊறி, வெயிலில் வெடித்து, பூண் கழன்று விழும். அல்லது கறையான் தின்னும். பிறகு இரும்பின் மேல் பழந்துணியைச் சுற்றி நூலால் கட்டி வேலை செய்வார்கள். அந்தத் துணிப்பிடியைப் பற்றித்தான் இக்கட்டுரை.

சில காலத்திற்கு முன்னர், ஒரு குடியிருப்பின் தோட்ட வேலைகளைப் பார்க்கச் சென்றிருந்தோம். வெங்காயம் கிண்டும் நாட்கள். எல்லோரும் தோட்டத்தில் நிற்க, ஒரு அக்கா மட்டும் வலது கையில் பெரிய கட்டுடன் வீட்டு வாசலில் இருந்தார். என்ன நடந்தது என்று கேட்டோம்.

"கத்தி நிண்டிட்டுது தம்பி, கை முன்னாலை போட்டுது" என்றார்.

இதைவிடச் சரியாக அந்த விபத்தை எவரும் விளக்க முடியாது. தாளில் கத்தி இறுகி நின்றுவிட்டது. தள்ளிய கையோ, நனைந்த துணியின் மேல் வழுக்கி, அலகின் மேல் ஏறிவிட்டது. சுட்டுவிரலில் நான்கு தையல். ஒன்பது நாட்களாக வேலை இல்லை. வெங்காயம் கிண்டும் காலமோ மொத்தத்தில் சில வாரங்கள்தான். அந்தக் கூலியை நம்பிப் பிள்ளைகளின் கொப்பிக் கடன் இருந்தது.

கத்தியை வாங்கிப் பார்த்தோம். இரும்பறுக்கும் வாளின் முறிந்த அலகைத் தீட்டிச் செய்த கத்தி. எமது ஊர்களில் பலரிடம் உள்ளதுதான். இரும்பு நல்ல இரும்பு. பிடியில் மூன்று சுற்றுப் பழஞ்சேலைத் துணி. வெங்காயச் சாறு குடித்து, பிசுபிசுத்து, கையில் பிடித்தால் உருண்டது. துணிக்கு அடியில் பல்வரிசையும் அராவப்படாமல் அப்படியே இருந்தது.

"கயிற்றுப் பிடி போட்டுத் தருகிறோம்" என்று சொல்லி அக்கத்தியை எடுத்துவந்தோம். வாக்குக் கொடுப்பது எளிது. நாம் முதலில் சுற்றிக் கொடுத்த பிடி இரண்டாம் நாளே வளையல் போல இரும்பைச் சுற்றிச் சுழலத் தொடங்கிவிட்டது. "இதுக்கு என்ரை துணியே காணும்" என்று அக்கா சிரித்தார். அவருடைய விரலை நினைத்தபோது எமக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு பழைய மீனவர் ஒருவரிடமும், கிரிக்கெட் மட்டைக்கு நூல் சுற்றிப் பழகிய ஒரு இளைஞரிடமும் கேட்டு, மூன்று கத்திகளில் செய்து பார்த்து, பிழை எங்கே என்று அறிந்தோம்.

பரசூட் கயிறு

கத்திப் பிடிக்குச் சுற்ற மிகவும் உகந்தது பரசூட் கயிறு என்பார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். 1935 இல் அமெரிக்காவில் டூபொன் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் வோலஸ் கரோதேர்ஸ் என்ற இரசாயனவியலாளர் நைலோனை உருவாக்கினார். முதலில் அது பல்துலக்கும் தூரிகையின் மயிராகவும் பெண்களின் காலுறையாகவும் விற்பனைக்கு வந்தது. அக்காலத்தில் பரசூட்டுகள் பட்டினால் செய்யப்பட்டன. 1941 இல் யப்பானியப் பட்டு அமெரிக்காவுக்கு வருவது நின்றுபோக, பரசூட் துணிக்கும் அதைத் தாங்கும் கயிறுகளுக்கும் நைலோன் பயன்பட்டது. தரையில் இறங்கிய சிப்பாய்கள் அந்தக் கயிறுகளை வெட்டி எடுத்து, கூடாரம் கட்டவும் சப்பாத்துக் கட்டவும் கத்திப் பிடிக்குச் சுற்றவும் பாவித்தார்கள்.

1987 யூன் 4 ஆம் திகதி இந்திய விமானப்படையின் அன்ரனோவ் விமானங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேல் சுமார் 25 தொன் உணவுப் பொருட்களைப் பரசூட் மூலம் போட்டதைக் கண்ட வாசகர்கள் எம்மிடையே உள்ளனர். அந்தப் பொதிகளைத் தாங்கி இறங்கிய கயிறுகளை நினைத்துக்கொண்டால் பரசூட் கயிறு என்பது என்ன என்பது விளங்கும்.

இந்தக் கயிற்றில் அதிகம் பாவிக்கப்படும் வகை ஏறக்குறைய 4 மில்லிமீற்றர் தடிப்பு உடையது. 550 இறாத்தல், அதாவது சுமார் 250 கிலோ பாரம் வரை அறாமல் தாங்கும். வெளியே பின்னப்பட்ட உறை. உள்ளே ஏழு அல்லது அதற்குச் சற்றுக் கூடிய நூற்புரிகள். உறை பின்னலாக இருப்பதால் முறுக்குக் கயிறு போல அவிழ்ந்து பிரிவதில்லை. கைக்கும் உறுத்தாது.

பெயர் எழுதிய பரசூட் கயிற்றைத் தேடி நகரம் முழுவதும் அலைய வேண்டியதில்லை. மீன்பிடி உபகரணம் விற்கும் கடையில் 3 அல்லது 4 மில்லிமீற்றர் பின்னல் நைலோன் கயிறு கேட்டு வாங்கினால் போதும். ஆனால், நைலோன் என்று சொல்லிப் பொலிபுறோப்பிலீன் கயிறும் விற்கப்படுகிறது. உரப்பை பின்னப்படுவதும் அதனால்தான். அது வழுக்கும். வெயிலில் சீக்கிரம் நைந்து தூளாகும். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. ஒரு சிறு துண்டை நன்றாகப் பிரித்து, சவர்க்கார நீரில் கசக்கி, வாளித் தண்ணீருக்குள் விடுங்கள். பொலிபுறோப்பிலீன் மிதக்கும். நைலோன் தாழும்.

சுற்றும் முறை

எமது முதற் பிழை, எண்ணெய் பூசிய இரும்பின் மேல் சுற்றியது. துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று தேங்காயெண்ணெய் தடவினோம். கயிறு எப்படி நிற்கும்? இரும்பை முதலில் செங்கல் தூளால் உரஞ்சித் துருவை எடுக்கவும். பல்வரிசை இருந்தால், பிடியாகும் பகுதியில் அதை அரத்தால் முழுமையாக அராவி மழுக்கவும். கூரான ஓரம் எதுவும் கயிற்றை அறுக்கும். பின்னர் மெல்லிய ஒரு பூச்சு வார்னிஷோ மையோ பூசி, ஒரு நாள் முழுவதும் காயவிடவும். அதற்கு மேல், பழைய சைக்கிள் ரியூப்பில் ஒரு விரல் அகலத்திற்கு நாடா வெட்டி, இழுத்து ஒரு சுற்று ஒட்டச் சுற்றினால் கயிறு சுழலவே சுழலாது. யப்பானியர் தம் வாள்களின் பிடியில் முதலில் திருக்கைத் தோலைப் போர்த்தி அதன் மேல்தான் பட்டு நாடாவையோ பருத்தி நாடாவையோ சுற்றினார்கள். சொரசொரப்பான தோல் நாடாவை நகர விடாது. திருக்கைக்குப் பதிலாக எமக்குச் சைக்கிள் ரியூப்.

இரண்டாவது பிழை, காய்ந்த கயிற்றைச் சுற்றியது. நைலோன் நனைந்தால் சற்று இளகி நீளும், காய்ந்தால் இறுகும். எனவே கயிற்றை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டு, பிழிந்து, ஈரத்தோடு சுற்ற வேண்டும். தும்புக் கயிறும் பருத்திக் கயிறும் இதற்கு நேர்மாறு. அவை நனைந்தால் ஊதி இறுகும், காய்ந்தால் தளரும். அவற்றைக் காய்ந்தபடியே சுற்ற வேண்டும். மழைக்குக் கொடிக்கயிறு இறுகுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

எவ்வளவு கயிறு வேண்டும்? பிடியின் நீளம் 10 சென்ரிமீற்றர், கயிற்றின் தடிப்பு 4 மில்லிமீற்றர் என்றால் 25 சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறக்குறைய 6 சென்ரிமீற்றர். அது ஒன்றரை மீற்றர். இரட்டைச் சுற்றுக்கும் முனைகளுக்கும் சேர்த்து இரண்டரை மீற்றர் எடுத்தால் குறையாது. அளவுகோல் இல்லாதவர்கள் ஒரு பாகமும் ஒன்றரை முழமும் அளந்து வெட்டலாம். பிடி மிகவும் தடித்துவிடும் போலிருந்தால், உள்நூற்புரிகளை உருவி எடுத்துவிட்டு உறையை மட்டும் சுற்றலாம். அது நாடா போலத் தட்டையாகப் படியும். உருவிய நூலை வீச வேண்டாம். வலை பொத்தவும், தறப்பாள் தைக்கவும், பாய் விளிம்பு கட்டவும் அதைவிட நல்ல நூல் கிடையாது.

முதலில் அலகைக் கடதாசி மட்டையால் மூடி, அதன் மேல் துணியும் சுற்றிக் கட்டவும். இதைச் சோம்பலில் விட்டவர் எம்மில் ஒருவர். அவரது உள்ளங்கையில் இன்றும் கோடு உண்டு. கயிற்றின் ஒரு முனையை வேலிக் கதியாலில் கட்டவும். மற்ற முனையைக் கையில் எடுத்து, கத்தியைப் பிடித்தபடி பின்னே போய் நின்று, உடல் பாரத்தால் கயிற்றை இழுத்து நிற்கவும். இனிச் சுற்றுவது கயிறு அல்ல, கத்திதான். கத்தியை உருட்டிக்கொண்டு கதியாலை நோக்கி மெல்ல மெல்ல நடக்க, கயிறு தானாக இறுக்கமாகச் சுற்றிக்கொள்ளும். கையால் சுற்றியபோது எமக்கு வராத இறுக்கம் இப்படித்தான் வந்தது. பழைய மீனவர் சொல்லித்தந்தது இது.

எங்கே தொடங்குவது என்பதுதான் முக்கியம். அலகு முடிந்து பிடி தொடங்கும் இடத்தில் அல்ல. அதிலிருந்து 2 சென்ரிமீற்றர் பின்னால் தொடங்கவும். கயிற்றின் முனை அலகைப் பார்த்தபடி இரும்போடு படுத்திருக்கட்டும். அந்த முனையை மூடியவாறு அலகை நோக்கி ஐந்து சுற்று. அலகின் ஓரத்தை அடைந்ததும் திரும்பி, அந்த ஐந்து சுற்றுக்கும் மேலாக இரண்டாவது அடுக்காகச் சுற்றிக்கொண்டு பிடியின் கடைசியை நோக்கி வரவும். இதனால் அலகுக்கு அருகே ஒரு மேடு உண்டாகும். கத்தி இறுகி நின்றால், முன்னே போகும் விரல் அந்த மேட்டில் தட்டி நிற்கும். அக்காவின் கத்தியில் துணி இருந்தது, மேடு இருக்கவில்லை.

பிடியில் இன்னும் ஏழு சுற்று மீதியிருக்கும்போது நிறுத்தவும். ஒரு முழம் தங்கூசியை இரண்டாக மடித்து, மடிப்பு பிடியின் கடைசிக்கு வெளியே நீட்டி நிற்கும்படி இரும்பின் மேல் படுக்க வைக்கவும். அதன் இரு வால்களும் அலகுப் பக்கமாக, ஏற்கெனவே சுற்றிய சுற்றுகளுக்கு மேலே கிடக்கும். மீதி ஏழு சுற்றையும் தங்கூசிக்கு மேலாகச் சுற்றி முடிக்கவும். கதியாலில் கட்டிய முனையை, பெருவிரலால் கடைசிச் சுற்றை அழுத்திப் பிடித்தபடி அவிழ்த்து, தங்கூசி மடிப்புக்குள் நுழைக்கவும். இப்போது தங்கூசியின் இரு வால்களையும் குறட்டால் பிடித்து இழுக்க, கயிற்று முனை ஏழு சுற்றுக்கும் அடியால் புகுந்து வெளியே வரும். இழுத்து இறுக்கி, ஒட்ட நறுக்கிவிடவும். முடிச்சு எதுவும் இல்லை. முடிச்சு இருந்தால் உள்ளங்கையில் கொப்பளம் போடும். கிரிக்கெட் மட்டையின் பிடியிலும் நூலின் முனை இப்படித்தான் மறைகிறது என்று அந்த இளைஞர் சொன்னார்.

வெட்டிய முனைகளை மெழுகுதிரிச் சுடரில் காட்டி உருக்கினால் பிரியாது. ஆனால், உருகிய நைலோன் துளி தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும், தட்டிவிடவும் முடியாது. விரலால் அமர்த்தாமல், நனைந்த கரண்டியின் முதுகால் அமர்த்தவும். பிள்ளைகள் கிட்ட நிற்கக் கூடாது.

சுற்றிய கத்தியை நிழலில் ஒரு நாள் காயவிட்ட பின்னரே வேலைக்கு எடுக்கவும். காய்ந்ததும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். அசைந்தால் தயங்காமல் அவிழ்த்து மறுபடி சுற்றுங்கள். குறுக்கும் மறுக்குமாகப் பின்னிச் சுற்றும் அழகான முறைகளும் உண்டு. அவற்றுக்குக் கயிறு அதிகம் போகும், நேரமும் போகும். நாம் ஒன்று செய்து பார்த்துவிட்டு விட்டுவிட்டோம்.

எதற்கு ஆகாது

இப்பிடி எல்லாக் கத்திக்கும் உகந்ததல்ல. விறகு கொத்தும் காட்டுக்கத்தியின் மரப்பிடி வெடித்திருந்தால், அதன் மேல் கயிற்றைச் சுற்றி ஏமாற வேண்டாம். ஓங்கி வெட்டும்போது அலகு கழன்று பறந்தால் எதிரே நிற்பவருக்கு ஆபத்து. அதற்குக் கொல்லரிடம் புதுப் பிடிதான் போட வேண்டும். இரும்பு, பிடியின் கடைசி வரை ஒரே துண்டாகச் செல்லும் சிறு கத்திகளுக்கே கயிறு ஏற்றது. மீனும் இறைச்சியும் அரியும் கத்திக்கும் வேண்டாம். கயிறு இரத்தத்தைக் குடித்து நாறும், கழுவினாலும் போகாது. பூச்சிநாசினிப் பொதி வெட்டும் கத்திக்கு ஒருபோதும் வேண்டாம். நஞ்சு கயிற்றில் ஊறி நின்று, பிறகு உங்கள் கைக்குள் வரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். துருப்பிடித்த கத்தி வெட்டினால்தான் ஏற்புவலி வரும் என்று பலர் நம்புகிறார்கள். அந்நோயைத் தருவது துரு அல்ல. மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் கிருமியே அது. பளபளக்கும் கத்தி வெட்டினாலும், தோட்டத்து மண் பட்ட காயம் என்றால், சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி தேவையா என்று கேளுங்கள். சாம்பலோ கோப்பித் தூளோ அப்ப வேண்டாம்.

கயிற்றுப் பிடியின் பெரிய குறை, அடியில் என்ன நடக்கிறது என்பது தெரியாது என்பதே. வெளியே கயிறு புதிதாக இருக்க, உள்ளே இரும்பு ஈரத்தில் துருவேறி மெலிந்து போகலாம். கடற்கரைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது இன்னும் விரைவாக நடக்கும். ஆண்டுக்கு ஒருமுறை, காலபோக மழைக்கு முன்னர், பிடியை அவிழ்த்து இரும்பைப் பார்க்கவும். கயிறு பஞ்சுபோலப் பிசிறாமல் இருந்தால் கழுவி அதையே திரும்பச் சுற்றலாம். வேலை முடிந்ததும் கத்தியைக் கழுவி, வெயிலில் போடாமல் நிழலில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் தொங்கவிடவும். வாளலகின் முனையில் ஏற்கெனவே ஒரு துளை உண்டு. சிறு துண்டுக் கயிற்றை அதில் கோத்துத் தடமிட்டால் போதும்.

கயிறு வாங்க வசதி இல்லாதவர்களுக்குச் சைக்கிள் ரியூப் நாடா மட்டுமே போதும். நன்றாக இழுத்து, ஒவ்வொரு சுற்றும் முந்திய சுற்றில் பாதியை மூடும்படி சுற்றி, கடைசி முனையை முன் சுற்றுக்கு அடியில் செருகவும். அலகுப் பக்கத்தில் நாலைந்து சுற்றுக் கூடுதலாகப் போட்டு மேட்டை உண்டாக்க மறக்க வேண்டாம். வெயிலில் றப்பர் வெடிக்கும்; அப்போது மாற்றிக்கொள்ளலாம். பழைய ரியூப் சைக்கிள் திருத்தும் கடைகளில் சும்மாவும் தருவார்கள்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முதலில் பார்வைக்கு நன்றாக இருக்கிறதென்று பச்சைக் கயிறு வாங்கினோம். அக்காவின் கத்திக்கு அதைத்தான் இரண்டாம் முறை, சரியாகச் சுற்றிக் கொடுத்தோம். பிடி சுழலவில்லை. ஆனால் மூன்றாம் நாள் கத்தியைப் புல்லுக்குள் வைத்துவிட்டு அரை நாள் தேடியிருக்கிறார்.

"மஞ்சள் இல்லையோ தம்பி?" என்று கேட்டார்.

இப்போது மஞ்சள் கயிறு வாங்கி வைத்திருக்கிறோம். அந்தக் குடியிருப்பிலிருந்து இதுவரை பதினொரு கத்திகள் வந்துள்ளன. அதில் ஒன்றில் அலகே இல்லை. பிடி மட்டும் போட்டுத் தரும்படி ஒரு ஐயா கொடுத்து அனுப்பியிருக்கிறார். அலகை அவர் தேடிக்கொண்டிருக்கிறாராம்.